எல்லை தாண்டியவரும் வலை இழந்தவரும்: யாருடைய உரிமை?

வாசகர் கேள்வி, 17.02.2024

இலங்கைக் கடற்படை நம் மீனவரைப் பிடித்தால் மனித உரிமை மீறல் என்று கொதிக்கிறோம். எல்லை தாண்டி வந்தால் எந்த நாடாக இருந்தாலும் பிடிக்கத்தானே செய்யும்? நட்பு நாடு என்றால் கண்டும் காணாமல் விட்டுவிட வேண்டுமா? ராமேசுவரம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

18.02.2024

நான் தங்கச்சிமடம் பக்கத்தில் பிறந்தவள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர், சொந்தப் படகு கிடையாது. தம்பியும் அதே தொழில்தான். நான் மண்டபத்தில் ஒரு மீன் கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன். படகுக்காரர், கூலிக்காரர், வியாபாரி என்று எல்லாருடைய பேச்சும் தினமும் காதில் விழும் இடம் அது.

பிடிக்கலாமா என்று கேட்டால், பிடிக்கலாம். 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் கோடு போட்டது. கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைலில் அந்தக் கோடு போகிறது. 1976-இல் இரு அரசும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. அந்தத் தாளில் நம் அரசும் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

ஆனால் எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. மனித உரிமை அங்கேதான் வருகிறது. மீன் பிடித்ததற்காக ஒருவரைச் சுடக் கூடாது, அடிக்கக் கூடாது, படகை மோதி அவரைக் கடலில் தள்ளக் கூடாது. உயிர் வாழும் உரிமைக்கு எல்லைக் கோடு கிடையாது. குடிசார், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது, இலங்கை 1980-இல். இரண்டுக்கும் அது பொருந்தும்.

இன்னொன்று. 2008 அக்டோபர் 26 அன்று இரு அரசும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. இந்திய மீன்பிடிப் படகுகள்மீது சுடுவதில்லை என்று அதிலேயே இருக்கிறது. அன்று போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத்தில் கொடுத்த வாக்கைப் போர் முடிந்த காலத்தில் காப்பாற்றுவது அதைவிட எளிதாகத்தானே இருக்க வேண்டும்?

18.02.2024, இரவு

ஒருவர் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவை எடுத்துப் போட்டிருக்கிறார். நல்லது. தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது கரையை அடுத்து ஒரு நாட்டுக்கு மீன்பிடி உரிமை உள்ள கடலில், மீன்பிடி விதியை மீறியவருக்கு, நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சிறைத் தண்டனை தரக் கூடாது. பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும் என்கிறது அது. இரு நாடும் அந்த உடன்படிக்கையை ஏற்றவைதான்.

ஒரு சிக்கல் உண்டு. பாக் விரிகுடாவை இரு நாடும் தனிப் பொருளாதார மண்டலமாக அல்ல, தங்கள் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொள்கின்றன. இரு கரைக்கும் நடுவே அவ்வளவு குறுகிய கடல். அதனால் 73-ஐ அப்படியே நீட்டி வழக்காடினால் நிற்காது. ஆனாலும் உலக நாடுகள் ஒன்றுகூடி, மீன் பிடித்த குற்றத்துக்குச் சிறை வேண்டாம் என்று எண்ணியிருக்கின்றன என்பது சின்ன விஷயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போல இருக்கும் இரண்டு நாடுகள் அந்த அளவுக்காவது வரலாம்.

இந்த வாரம் யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்காவற்றுறை நீதிமன்றம் படகை ஓட்டியவர்களுக்கு ஆறு மாதச் சிறை கொடுத்திருக்கிறது. மற்றவர்களை ஒத்திவைத்த தண்டனையோடு விட்டிருக்கிறார்கள். படகை ஓட்டுகிறவரை முதலாளி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பாலும் அவரும் பங்குக்குப் போகிற கூலிதான். முதலாளி கரையில் இருக்கிறார், படகு பறிபோனால் அவருக்கு நட்டம். உள்ளே போவது இவர்.

24.02.2024

அந்தத் தீர்ப்பை எதிர்த்து ராமேசுவரத்தார் இந்த ஆண்டு கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போகவில்லை. கோபம் நியாயம்தான். எனக்கு வேறு வருத்தம். இரு கரை மீனவரும் போலீசும் கம்பி வேலியும் இல்லாமல் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுகிற ஒரே இடம் அது. அதை நாமே அடைத்துக்கொண்டோம்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் 285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத தீவு. அந்தோணியார் கோயிலைக் கட்டியவர் நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாட்சி. கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கிறது. புதுக் கோயில் 2016-இல் திறந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப் பாதை, தேர். சனிக்கிழமை காலை திருப்பலி. மதியத்துக்குள் எல்லாரும் படகேற வேண்டும். 1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவின்படி நம் மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் போய்வரலாம்.

ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. கருவேலம் புதர் ஓரமாகத் தார்ப்பாயை விரித்துக்கொண்டு பேச்சுதான். நம் ஆட்கள் கைலி, சேலை கொண்டுபோவார்கள். அவர்கள் ராணி சோப்பும் தேங்காய் எண்ணெயும் மலிபன் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். சுங்கக்காரர்கள் முறைப்பார்கள். சோப்பு கைமாறிவிடும். எங்கள் வீட்டுக் குளியலறையில் அந்தச் சந்தன வாசனை மாதக்கணக்கில் இருக்கும்.

முன்பு ஒருமுறை அங்கேதான் நெடுந்தீவு மாமாவை மறுபடி பார்த்தேன். நெடுந்தீவு யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவு. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

26.02.2024

எழுதிவிடுகிறேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மாமா 1990-இல் குடும்பத்தோடு படகில் வந்து மண்டபம் அகதி முகாமில் இறங்கினார். அப்பா போன படகிலேயே கூலிக்குச் சேர்ந்தார். அகதிக்குக் கடலுக்குப் போக அனுமதி கிடையாது, யாருக்கும் தெரியாமல்தான். அப்பாவை ‘அண்ணை’ என்பார், அப்பா அவரைத் ‘தம்பி’ என்பார். எங்கள் தெருவில் கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அவர் நின்றார். போர் முடிந்த பிறகு ஊர் திரும்பிவிட்டார். சின்ன இஞ்சின் பூட்டிய ஒரு வள்ளம், கொஞ்சம் செவுள் வலை. எல்லாம் கடனில்.

திருவிழாவில் பார்த்தபோது அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். சாப்பிட்டோம். அப்புறம் ஒரு பையைத் திறந்து ஒரு வலைத்துண்டை எடுத்து அப்பாவின் மடியில் போட்டார். மேல் கயிறும் மிதவைகளும் இருந்தன. கீழே வலை இல்லை, கிழிந்த நைலான் நூல்தான் தொங்கியது. ஈயக்குண்டு கட்டிய அடிக்கயிறு மொத்தமாகப் போயிருந்தது. இழுவைமடி என்பது விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகிற பை வலை; அதன் இரும்புப் பலகையும் சங்கிலியும் அடியில் வாரிக்கொண்டு போனால் வலை அப்படித்தான் ஆகும். தொழில் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அப்பா அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

மாமா சத்தம் போடவில்லை. ‘சண்டைக் காலத்தில எங்களைக் கடலுக்கு விடேல்ல அண்ணை. நீங்கள் வந்து பிடிச்சியள், நாங்கள் ஒண்டும் சொல்லேல்ல. இப்ப நாங்கள் திரும்பி வந்திட்டம். என்ர பிள்ளையளுக்கும் சோறு வேணுமெல்லே?’

அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அன்றிலிருந்து, யாராவது ‘பாரம்பரிய உரிமை’ என்று மேடையில் பேசினால் எனக்கு அந்த வலைத்துண்டு கண்ணுக்கு முன் வருகிறது.

27.02.2024

‘மாமா கதையைச் சொல்லி நம் ஆட்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்’ என்கிறார் ஒருவர். கடற்படை எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் தாலி அறுத்தது என்று எனக்கும் தெரியும். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் சுடப்பட்டுச் செத்தபோது அந்தக் கடற்கரைப் போராட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதற்கு எந்த மன்னிப்பும் இல்லை, விசாரணை வேண்டும், தண்டனை வேண்டும். ஆனால் அந்தத் துப்பாக்கியை மாமா பிடிக்கவில்லை. கடற்படைமீதுள்ள கோபத்துக்கு மாமாவின் வலையை அறுத்து ஈடுகட்ட முடியாது.

2021 ஜனவரியில் நெடுந்தீவுப் பக்கம் நம் படகு மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள், நினைவிருக்கிறதா? அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழர். நம் படகில் போய், தன் நாட்டுக் கடலில், தன் நாட்டுக் கடற்படையின் கையில். அவர் எந்தப் பக்கத்து மீனவர் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

22.03.2024

யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் பக்கத்தில் நான்கு மீனவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்திருக்கிறார்கள். கோரிக்கை ஒன்றுதான், இந்திய இழுவைப் படகுகள் வரக் கூடாது. தமிழ் மீனவர்கள், தமிழ்நாட்டைப் பார்த்து உண்ணாவிரதம் இருக்கிறார்கள். நம் தொலைக்காட்சிகளில் ஒரு வரி ஓடியது, அவ்வளவுதான். முத்துக்குமார் தீக்குளித்த நாடு இது. ஈழத் தமிழருக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருந்த ஊர், அவர்கள் கடலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளலாமா?

அங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. பாக் விரிகுடாவில் நமக்கு வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி இறங்கும். இந்தக் கணக்கு மாமாவுக்கும் மனப்பாடம். அந்த நாட்களில் அவர் வலை விடுவதில்லை. நம் மாநில விதிப்படி நாம் போகிற நாள் அவர்களுக்குத் தொழில் இல்லாத நாள். சென்னையில் போட்ட அட்டவணைப்படி நெடுந்தீவில் அடுப்பு எரிகிறது.

23.03.2024

‘அங்கேயும் ரோலர், அதாவது இழுவைப் படகு, இருக்கிறதே?’ இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருக்கிறது, வேறு சில இடங்களிலும் இருக்கிறது. அதை எதிர்த்தும் அங்குள்ள சங்கங்கள் சண்டை போடுகின்றன. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தன் நாட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் தடை செய்தது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். அதன் பிறகுதான் படகுகள் திரும்பி வருவது அநேகமாக நின்றது. 2022 பிப்ரவரியில் பிடித்த படகுகளை ஏலமும் விட்டார்கள். துறைமுகத்தில் மட்கிக் கிடந்த படகுகள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கடன்.

03.04.2024

தேர்தல் வந்துவிட்டது, கச்சத்தீவும் வந்துவிட்டது. தீவைக் கொடுத்தது யார், மீட்பது யார் என்று நாள் முழுக்கப் பேச்சு. இங்கேயும் இருபது பதிவு அதைப் பற்றியே வந்துவிட்டது.

கச்சத்தீவு ராமேசுவரத்திலிருந்து 12 கடல்மைல் அளவில் இருக்கிறது. கரையிலிருந்து முதல் 3 கடல்மைல் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. கோடு தீவுக்கு மேற்கே. ஆக விசைப்படகுக்கு முறையாக மிஞ்சுவது 10 கடல்மைலுக்கும் குறைவான பட்டை. அதில் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே ராத்திரியில் இறங்குகின்றன. அந்த அடியைப் பல பத்தாண்டாக வாரியாகிவிட்டது. விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கடற்புல் படுகை, கடலடிப் பாறை எல்லாம் மடிக்கு எட்டும் ஆழம். இறால் இருப்பது நெடுந்தீவுப் பக்கம். அதனால் நாளைக்கே தீவு நம் கைக்கு வந்தாலும் நம் படகுகள் அதைத் தாண்டித்தான் போகும், கைதும் அங்கேதான் நடக்கும்.

வலை உலர்த்தும் உரிமை, மீன்பிடி உரிமை என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். 5-ஆம் பிரிவு தீவுக்குப் போய்வருவதைப் பற்றிப் பேசுகிறது, வலை உலர்த்துவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. 6-ஆம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மற்றதன் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைப் பற்றிச் சொல்கிறது. அதை வைத்து ஒரு வாதம் எழுப்பலாம், மறுக்கவில்லை. ஆனால் 1976 கடிதங்கள் அதை மூடுகின்றன. மூடாது என்றே வைத்துக்கொண்டாலும், நம் தாத்தாக்கள் பாய் விரித்துப் போய்ச் செவுள் வலை போட்ட மரபு வேறு, நூறு குதிரைத்திறன் இஞ்சினோடு அடியைச் சுரண்டுவது வேறு. இழுவைமடி நம் தாத்தாவின் தொழிலே இல்லை. இந்தோ-நார்வே திட்டம் 1953-இல் கேரளத்தில் தொடங்கிய பிறகுதான் இந்தக் கரைகளுக்கு அந்த வழி வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்தது, அரசே மானியம் கொடுத்து வளர்த்தது. இப்போது கூலிக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது நியாயம் இல்லை.

04.04.2024

சங்காயம் என்றால் என்ன என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் கொட்டகைக்கு வாருங்கள், காட்டுகிறேன். மடியைக் கொட்டினால் இறாலையும் நண்டையும் கணவாயையும் பொறுக்கிய பிறகு மிஞ்சுகிற குவியல். விரல் நீளத்துப் பாறைக்குஞ்சு, காரல், கடல்குதிரை, நண்டுப்பிஞ்சு, பெயர் தெரியாதது எல்லாம் சேறோடு கலந்து கிடக்கும். காயவைத்துக் கோழித்தீவனத்துக்குப் போகிறது. அடுத்த ஆண்டு மாமாவின் வலையிலும் நம் நாட்டுப்படகு வலையிலும் விழ வேண்டிய மீன் அது. பல நாள் எடைச்சீட்டில் இறாலைவிடச் சங்காயம்தான் பெரிய எண். எழுதும்போது கை கூசும்.

28.06.2024

நம் படகு ஒன்றைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்துவிட்டார். ‘நன்றாக வேண்டும்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நீக்கிவிடுங்கள். அவரும் சம்பளத்துக்குக் கடலுக்கு வந்தவர்.

02.08.2024

நேற்று நெடுந்தீவு அருகே கடற்படைக் கலம் மோதி நம் படகு கவிழ்ந்தது. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவரைக் காணோம். ராமேசுவரம் முழுக்க மக்கள் சாலையில் இருக்கிறார்கள். இன்று எழுத மனம் இல்லை.

05.08.2024

பிடிபட்டால் என்ன நடக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தம்பி பிடிபட்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கூடப் போன படகுக்காரர்கள் வந்து சொல்வார்கள். அப்புறம் மீன்வளத்துறையிலிருந்து பெயர்ப் பட்டியல் வரும். பெயர் எழுத்துப் பிழையோடு வரும், அது நம் வீட்டு ஆளா இல்லையா என்று தெரியாமல் ஒரு ராத்திரி போகும். பிறகு பெண்கள் மனுவோடு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை நகல், படகுப் பதிவு நகல். ஒரு அலுவலகத்தில், நகலில் முத்திரை தெளிவாக இல்லை என்று அம்மாவை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தி விளக்கமறியலில், நம் பேச்சில் நீதிமன்றக் காவலில், வைப்பார்கள், யாழ்ப்பாணச் சிறை. விட்டால் கொழும்புப் பக்கம் மிரிஹான தடுப்பு முகாம், அங்கிருந்து விமானத்தில் சென்னை. வீட்டில் சம்பாத்தியம் நின்றுபோயிருக்கும், வட்டி நின்றிருக்காது.

தம்பி சிறையில் இருந்தபோது ஒரு ஆள் பார்க்க வந்தார். மாற்றுச் சாரம், துவாய், சோப்பு, ஒரு பொட்டலம் இடியப்பம் சம்பலோடு. நெடுந்தீவு மாமா. பட்டியலில் தம்பியின் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்துவிட்டு, குறிகாட்டுவான் வரை படகிலும் அங்கிருந்து பேருந்திலும் வந்திருக்கிறார். தம்பியிடம் அவர் சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை: ‘நீ வந்தது பிழை தம்பி. ஆனா நீ அண்ணையின்ர மகன்.’

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அந்த மனுசரால் முடிந்தது. இரு அரசாங்கங்களால் ஐம்பது ஆண்டாக முடியவில்லை. டெல்லி ‘விடுங்கள்’ என்று மட்டும் சொல்கிறது, கொழும்பு ‘பிழை’ என்று மட்டும் சொல்கிறது. தம்பி இப்போது விசைப்படகுக்குப் போவதில்லை. நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறான், வரும்படி குறைவுதான்.

06.08.2024

‘மாமா போல எல்லாரும் இருப்பார்களா?’ இருக்க மாட்டார்கள். 2011 பிப்ரவரியில் பருத்தித்துறை மீனவர்களே நூற்றுக்கு மேற்பட்ட நம் ஆட்களை வளைத்துப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். பொறுமை எல்லை தாண்டினால் அப்படித்தான் ஆகும். 2022 ஜனவரியில் யாழ்ப்பாணத்து வத்திராயன் ஊர் மீனவர் இருவர் இறந்தார்கள். நம் இழுவைப் படகு மோதித்தான் என்று அந்த ஊரே சாலையை மறித்தது. அந்த இரண்டு பேருக்கும் மனித உரிமை உண்டா என்று தமிழ்நாட்டில் யார் கேட்டோம்?

02.11.2024

மீனவர் பிரச்சினைக்கான இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு கொழும்பில் கூடியிருக்கிறது. ஆறாவது கூட்டம். 2016 நவம்பரில் டெல்லியில் அமைச்சர்கள் உட்கார்ந்து, இழுவைமடியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்துவோம், குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்று எழுதினார்கள். எட்டு ஆண்டில் ஆறு கூட்டம். இந்த ஆண்டு மட்டும் நூற்றுக்கணக்கானவர் கைது. எங்கள் ஊர் மகளிர் குழு, சீட்டுப் பணத்துக்காக இதைவிட ஒழுங்காகக் கூடுகிறது.

ஆழ்கடல் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 2017-இல் தொடங்கியது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை பிடிக்கும் படகுக்கு மாறலாம், விலை 80 லட்சம். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கைக்காசு. மூன்று ஆண்டில் 2000 படகு என்றார்கள். அதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஏன் என்று கடற்கரையில் நின்றாலே தெரியும். எங்கள் ஆட்கள் சாயங்காலம் போய்க் காலையில் வருகிறவர்கள். சூரைக்கு வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டும். டீசல், ஐஸ், தூண்டில் இரை எல்லாம் முன்பணம். முதல் இரண்டு பயணம் சரியில்லை என்றால் படகுக்காரர் எழுந்திருக்க மாட்டார். அந்தத் திட்டத்தில் கூலிக்காரன் என்று ஒரு ஆளே கிடையாது. படகு வைத்திருப்பவருக்கு மானியம், படகில் போகிறவனுக்கு என்ன? ஒரு படகில் ஐந்தாறு பேர் போகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் சம்பளம் கொடுத்திருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்திருக்கும்.

18.12.2024

இலங்கைக் குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்து போயிருக்கிறார். மீனவர் பிரச்சினையில் வன்முறையோ ஆக்ரோஷமோ கூடாது, மனிதாபிமானத்தோடு அணுகுவோம் என்று கூட்டறிக்கை. படித்தேன். சந்தோஷமாக இருந்தது, எச்சரிக்கையோடு.

29.01.2025

ஆறு வாரம்தான் ஆகிறது. நேற்று நெடுந்தீவு அருகே சூடு. காரைக்கால் படகு, 13 பேர், ஐந்து பேருக்குக் காயம், இருவர் நிலை மோசம். கூட்டறிக்கை எழுதியவர்களின் கையெழுத்து மை காய்ந்திருக்குமா?

கடற்படை கையில் துப்பாக்கியோடு சின்னப் படகுகளில் ஏறிப் பிடிக்கிற முறையே மாற வேண்டும். ஒரு படகின் பதிவு எண்ணைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, நம் கடலோரக் காவல்படைக்கு அனுப்பினால் போதும். அதற்கு நேரடித் தொலைபேசித் தொடர்பு பற்றி 2016-லேயே பேசினார்கள். அனுப்பிய எண்ணின்மீது நம் மாநில மீன்வளத்துறை டீசல் மானியத்தை நிறுத்தட்டும். உரிமையாளரைத் தொடும், கூலிக்காரன் உயிரோடு வீடு திரும்புவான். இதை நான் சொன்னால் எங்கள் ஊரிலேயே எனக்குத் திட்டு விழும். விழட்டும்.

28.03.2025

வவுனியாவில் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. புதிதாக வந்தவர்களுக்காக: 2004-இல் நம் ஆட்கள் நல்லெண்ணப் பயணமாக அங்கே போனார்கள். 2010 ஆகஸ்டில் அவர்கள் சென்னைக்கு வந்தார்கள். ஓர் ஆண்டுக்கு 70 நாள் மட்டும் நம் படகுகள் அங்கே இறங்கலாம், அப்புறம் இழுவைமடி கிடையாது என்று மீனவர்களே தங்களுக்குள் முடிவுக்கு வந்தார்கள். அரசுகள் அதை ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் பேச்சு. 2015 மார்ச்சில் மறுபடி சென்னை. நம் பக்கம் மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் 83 நாள் கேட்டோம், அவர்கள் முடியாது என்றார்கள். ஐந்து ஆண்டில் 70 நாள் 83 ஆனது எப்படி என்று அன்றைக்கு நம் சங்கங்களில் யாரும் கேட்கவில்லை. கால அவகாசம் கேட்கிறவன் நாளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டாமா?

30.03.2025

மாமாவோடு தொலைபேசியில் பேசினேன். வவுனியாப் பேச்சைப் பற்றிக் கேட்டேன். ‘கதைச்சது நல்லம். எப்ப நிப்பாட்டுறது எண்டு திகதி சொல்லோணும்’ என்றார். அப்பாவிடம் கொடுத்தேன். அரைமணி நேரம் பேசினார்கள், பேத்தி கல்யாணம், முழங்கால் வலி, பழைய படகுக்காரர் ஒருவர் இறந்தது. கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

06.04.2025

பிரதமர் கொழும்பில் பேசியிருக்கிறார், 11 பேர் விடுதலை. வந்தவர்கள் வீட்டில் இன்று சோறு பொங்கும், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும். ஆனால் கேள்வி கேட்ட வாசகர் மறுபடி வந்து, ‘சரி, உங்கள் கோரிக்கைதான் என்ன’ என்கிறார்.

அடுத்த வாரம் ஏப்ரல் 15-இல் 61 நாள் தடைக்காலம் தொடங்குகிறது. படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், அந்தப் பக்கம் வலை பாதுகாப்பாக இருக்கும். பேசுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஜூன் 14 முடிவதற்குள் வவுனியாவில் தொடங்கியதை ராமேசுவரத்தில் தொடரட்டும். எத்தனை ஆண்டில், ஆண்டுக்கு எத்தனை நாள் குறைத்து, எந்தத் தேதியில் இழுவைமடி முழுதாக நிற்கும் என்று நம் பக்கத்திலிருந்து முதலில் சொல்லட்டும். அந்தத் தேதி வரை சூடு இல்லை, சிறை இல்லை என்று அவர்கள் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுக்கட்டும். இரு அரசும் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடட்டும்.

போகிற குழுவில் படகு உரிமையாளர் சங்கத்தார் மட்டும் வேண்டாம். கூலிக்குப் போகிறவர் பாதிப் பேர் வேண்டும், நாட்டுப்படகுக்காரர் வேண்டும், மனுவோடு அலுவலகம் ஏறிய பெண்கள் வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் உங்கள் ஊர்ச் சங்கத்தில் இந்த வாரமே கேளுங்கள். எங்கள் தெருவில் நான்கு பெண்கள் தயார், நானும் ஒருத்தி.